முதற்பிரதி பெற்றுக்கொண்டவர்

போன மாதம் இணையத்தில் ஒரு சஞ்சிகை என்னுடைய முதல் இசைத்தட்டைப் பற்றி எழுதியிருந்தது. ரொறன்ரோவின் இன்றைய மின்கிற்றார் புளூஸில் பெரிய பாதிப்பை ஏற்படுத்திய தட்டாம். அதிலும் இரண்டாவது பாட்டாம். ஒரே வரியை மூன்று முறை கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல், கிற்றாரையும் நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கிற அந்த இடம் இளம் கலைஞர்களை உலுக்கிப்போட்டதாம். வாசித்துவிட்டுக் குசினியில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது.

ஏனென்றால் அந்தத் தட்டில் அப்படி ஒரு இடமே இல்லை. தட்டில் மூன்றாவது வரியில் பதில் இருக்கிறது. நல்ல உறைப்பான பதில், நானே எழுதியது. மூன்று முறை கேட்டுவிட்டு நிற்பதை நான் மேடையில் மட்டும்தான் செய்கிறேன், அதுவும் தட்டு வெளிவந்து நெடுநாள் கழித்து. கட்டுரை எழுதிய புண்ணியவான் யாரோ கைபேசியில் பிடித்துப் போட்ட ஒரு காணொளித் துண்டைப் பார்த்திருக்கிறார். தட்டைத் தொட்டும் பார்க்கவில்லை. பாதிப்பாம், கண்டறியாத பாதிப்பு! ஒன்றைக் கேட்காமலே அதைப் பற்றி வாய் கிழியப் பேசுவதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்போது போட்டிக்கு ஆள் வந்துவிட்டது.

புளூஸ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கறுப்பினத்து உழைப்பாளிகளின் பாட்டு அது. ஒரு வரியைச் சொல்வார்கள். அதையே திரும்பவும் சொல்வார்கள். மூன்றாவது வரியில் அதற்கு ஒரு பதிலைப் போட்டு முடிப்பார்கள். நடுவில் கிற்றார் கதைக்கும். வேலை தேடி நகரத்துக்கு வந்த இடத்தில், மதுக்கடை இரைச்சலுக்கு மேலால் கேட்கவேண்டுமென்று கிற்றாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். விஷயம் இவ்வளவுதான். பழைய ஆட்கள் சிலர் மூன்று முறையும் ஒரே வரியையே பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதில்கூட நான் புதிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் சொல்லப்போனால் சஞ்சிகை விற்காது.

எனக்கு அது வந்து சேர்ந்தது ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் உள்ளே போய்க் கிண்டுவது என் பழக்கம். சிக்காகோக்காரர் ஒருவரின் முதல் தட்டு அங்கே கிடந்தது. அட்டையில் அந்த மனிதர் வேலைக்குப் போகிற உடுப்போடு, தூக்கக் கலக்கத்தோடு நின்றார். அதற்காகத்தான் எடுத்தேன். எங்கள் ஆட்கள் ஒரு தட்டு வெளியிட்டால் முன்னால் பட்டு வேட்டி, பின்னால் நீர்வீழ்ச்சி, அதற்கும் பின்னால் ஒரு சூரியன், மூலையில் அனுசரணையாளரின் படம் என்று அட்டையில் இடமே இருக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். அந்த மனிதர் ஒரு வரியைச் சொன்னார், திரும்பவும் சொன்னார். குசினிக்குள் அம்மாவும் அந்த நேரம் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

அம்மா மட்டக்களப்பு. எதையும் ஒருமுறை சொல்லி விடுகிற ஆள் இல்லை. "இந்த மீனில ருசி இல்ல. இந்த மீனில ருசி இல்லயெண்டு சொல்லுறன். கடைக்காரன் ஐஸுக்குள்ள வெச்சே அதை ரெண்டாந்தரமும் சாகடிச்சிட்டான்." அச்சொட்டாக மூன்று வரி. மூன்றாவதில் அடி. நான் தட்டை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன். "என்னகா முழிக்கிற, வந்து தேங்காயத் துருவு," என்றார். அன்றிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம்.

பிறகு நான் வளர்ந்து, மார்க்கம் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, சனி ஞாயிறுகளில் கிற்றாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் நின்றார். எத்தனையோ வருடம் நின்றார். ஒரு நாள் காலை, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புது மெசின் வந்ததோ, ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி மாறியதோ, காரணம் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அம்மா சூப்பர்வைசருக்கு முன்னால் போய் நின்று கேட்டிருக்கிறார்: "என்ட கை ஓடுதுதானே. ஏன் என்னை நிப்பாட்டுற?"

வீட்டுக்கு வந்தும் அதையே கேட்டார். வெங்காயம் வெட்டும்போது கேட்டார். உடுப்பு மடிக்கும்போது கேட்டார். "என்ட கை ஓடுதுதானே. ஏன் என்னை நிப்பாட்டுற?" இதற்கு மட்டும் அம்மாவிடமிருந்து மூன்றாவது வரி வரவில்லை. மீனுக்கு வந்தது, மழைக்கு வந்தது, மேல்வீட்டுக்காரிக்கு வந்தது, இதற்கு வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று எழுதினேன்: "நீ சுட்ட பாணெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போகட்டுமடா." அந்தச் சூப்பர்வைசரை நான் கண்டதில்லை. சிவந்த முகமும் கழுத்துப்பட்டியுமாக ஒரு வெள்ளைக்காரனை மனதில் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன். அதுதான் என் தட்டின் இரண்டாவது பாட்டு.

தட்டைப் பதிவு செய்தது மார்க்கத்தில், பேஸ் கிற்றார் வாசிக்கிறவரின் நிலக்கீழ் அறையில். அவர் தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை, எல்லோரையும் 'என்னங்க' என்று கூப்பிடுகிற பொறுமைசாலி. டிரம் அடிக்கிறவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒரு வெள்ளைக்காரி. நகரத்துப் புளூஸ் மதுக்கடைகளில் நாங்கள் ஏற்கெனவே வாசித்திருந்தோம். அங்கே முன்மேசையில் எப்போதும் தொப்பி போட்ட நாலு வெள்ளைக்காரக் கிழடுகள் இருப்பார்கள். எல்லோரும் பல்வைத்தியர்கள், கணக்காளர்கள். புளூஸ் தங்கள் பாட்டன் சொத்து என்ற நினைப்பு. நான் கிற்றாரின் ஒலிபெருக்கியான அம்ப்பைப் போட முன்னமே, சித்தார் வாசிப்பீர்களா என்று கேட்பார்கள். வாசித்து முடித்த பிறகும் அதையே கேட்பார்கள். இவர்களிடமிருந்து தப்பி நான் போய் விழுந்தது எங்கள் ஆட்களிடம்.

அதற்குக் காரணம் அம்மாதான். தட்டு அச்சாகி வரப்போகிறது என்றதும் அம்மா சொன்னார்:

"நம்மட ஆக்களுக்கு முன்னால ஒருக்கா வெளியிடு மகள். ஹோல் எடுத்து, விளக்குக் கொளுத்தி, வடிவாச் செய்."

"அவங்களுக்கு இது விளங்காதம்மா."

"விளங்காட்டிப் போகட்டும். நம்மட ஆக்கள் வரட்டும், இருக்கட்டும், பார்க்கட்டும்."

அம்மா என்னிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது குறைவு. சரி என்றேன். ஒரு திட்டமும் வைத்துக்கொண்டேன். இரண்டாவது பாட்டை அதுவரை அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை, அது அவருடைய வார்த்தை என்றும் சொல்லவில்லை. ஹோல் நிறைந்த சனத்துக்கு முன்னால், அம்மா முதல் வரிசையில் இருக்க, அம்மாவின் கேள்வியை அம்ப்பில் போட்டு ஊருக்கே கேட்கும்படி பாடவேண்டும். முதற்பிரதி அம்மாவின் கையில் போகவேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இங்கே வெளியீட்டு விழா என்பது ஒரு தனி வியாதி. புத்தகமானாலும் தட்டானாலும் ஒரே நிகழ்ச்சி நிரல்தான். விளக்கேற்றல், இரண்டு கீதம், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரைகள், ஆய்வுரை, பிறகு தங்கத் தாளில் சுற்றி நாடா கட்டிய முதற்பிரதியை ஒரு பெரிய மனுசர் தாம்பாளத்திலிருந்து எடுத்துக்கொள்வார். பளிச் பளிச்சென்று படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு சிறப்புப் பிரதிகள், நன்றியுரை, ரோல்ஸ், தேத்தண்ணி. இதற்குள் புத்தகம் எழுதியவரையும் பாட்டுப் பாடியவரையும் எங்காவது ஒரு கதிரையில் இருத்தி வைப்பார்கள்.

விழாவை எடுத்துச் செய்தவர் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு சங்கத்துச் செயலாளர். ஓய்வுபெற்ற மனிதர். நிகழ்ச்சி நிரலோடு வீட்டுக்கு வந்தார். முதற்பிரதி அம்மாவுக்கு என்று சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைச் சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பிள்ளை, அம்மாவுக்கு வீட்டில குடுக்கலாம்தானே. முதற்பிரதி எண்டால் அதுக்கு ஒரு ஆள் வேணும்."

"அம்மா ஆள் இல்லையோ, அங்கிள்?"

"அப்பிடிச் சொல்லேல்ல. உந்த ஹோல் ஆர் தாறது எண்டு யோசியும். அவர்தான் தாறார். அவருக்குக் குடுக்காட்டி அழகில்லை."

அவர் என்றால் வீடு விற்கிற ஒரு முகவர். ஸ்காபரோவில் எந்த பஸ் தரிப்பிட வாங்கில் இருந்தாலும், அதில் விளம்பரமாக ஒட்டியிருக்கிற அவருடைய முகத்துக்கு மேல்தான் குந்தவேண்டும். ஸ்ரௌவ்வில்லில் தனக்கு ஒரு மாளிகை கட்டிக்கொண்டு, எங்கள் சனத்துக்கு அதைச் சுற்றிவர வீடு வாங்கிக் கொடுக்கிறவர். நான் வாயைத் திறக்க முன்னமே அம்மா குறுக்கிட்டார்.

"அவருக்கே குடு மகள். நான் என்னத்துக்கு மேடையில? நம்மட புள்ள தானே, எப்பவும் வாங்கலாம்."

செயலாளர் சிரித்தார். "பாத்தீரே, அம்மாவுக்கு விளங்குது."

அந்தச் சிரிப்பை நான் விடவில்லை. விழாவன்று காலை, அவர்கள் தந்த தங்கத் தாளில் இரண்டு பொதி சுற்றினேன். ஒன்றில் தட்டு. உறைக்குள் 'என் அம்மாவுக்கு, முதற்பிரதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்றதில் வெறும் பெட்டி. பாரம் காணாது என்று அதற்குள் எங்கள் பலசரக்குக் கடையின் அந்த வார விளம்பரத்தாளை மடித்து வைத்தேன். வெண்டிக்காய் மலிவு, பாரை மீன் மலிவு. அம்மாவின் பொதிக்குச் சிவப்பு நாடா, பெரிய மனுசருக்கு நீலம். விளையாட்டில்லை, மாறிப்போகக்கூடாது என்று பலமுறை சரிபார்த்தேன். ஹோல் வாசலில் அம்மாவின் கையில் சிவப்பு நாடாவை வைத்து, "இதுதான் அம்மா உண்மையான முதற்பிரதி. அவருக்குக் குடுக்கிறது சும்மா," என்றேன். அம்மா சுற்றிவரப் பார்த்துவிட்டு அதைக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்துக்கொண்டார்.

விழா தொடங்கியது. தொடங்கியது என்று சும்மா சொல்கிறேன். அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. வாழ்த்துரை சொன்ன ஒருவர் தான் எழுதிய கவிதையை வாசித்தார், அதில் என்னைத் தவிர எல்லாம் இருந்தது. இன்னொருவர் நான் சேலை கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, மின்கிற்றார் பிடித்தாலும் பிள்ளை பண்பாட்டைக் கைவிடவில்லை என்று உருகினார். சேலை அம்மாவுக்காகக் கட்டியது. ஆய்வுரைக்கு ஒரு பல்கலைக்கழகக் கலாநிதி வந்தார். மைக்கை ஊதினார், தட்டினார், திரும்பவும் ஊதினார்.

"நான் இந்தத் தட்டை இன்னும் முழுக்கக் கேக்கேல்ல," என்று தொடங்கினார். முழுக்க என்ற சொல்லை எவ்வளவு நாசூக்காகப் போட்டார் பாருங்கள். "எண்டாலும் ஒண்டு சொல்லலாம். புளூஸ் எண்டிறது எங்கட ஒப்பாரிதான். எங்கட ஊரிலயிருந்து கப்பலில போனது. அவை அதை எடுத்து வைச்சிருக்கினம். இண்டைக்கு இந்தத் தங்கச்சி அதை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறா."

ஹோல் முழுக்கக் கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்த டிரம்காரி என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அமெரிக்காவில் உங்கள் ஆட்கள் எங்களிடமிருந்து களவெடுத்ததை நான் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேனாம் என்றேன். அவள் தான் கனடாக்காரி, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள். ஒப்பாரியாம்! ஒப்பாரி வைக்க ஆள் செத்திருக்கவேண்டும். என் அம்மா உயிரோடு முதல் வரிசையில் இருந்தார். அவர் விடுகிற ஒரு மூச்சில் இருக்கிற புளூஸ்கூட அந்தக் கலாநிதிக்குத் தெரியாது.

பிறகு முதற்பிரதி. பெரிய மனுசர் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, தாம்பாளத்திலிருந்து நீல நாடாவை எடுத்து நெஞ்சோடு பிடித்தார். படம் எடுத்தார்கள். ஒரு பக்கமாகத் திரும்பச் சொல்லித் திரும்பவும் எடுத்தார்கள். வெண்டிக்காய் விளம்பரம் அவருடைய நெஞ்சில் கிடந்து மினுங்கியது. பேஸ்காரர் என் காதுக்குள், "என்னங்க, அவர் இங்கயே பிரிச்சுட்டா என்ன பண்றது?" என்று நடுங்கினார். பிரிக்கமாட்டார் என்றேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். முதற்பிரதி வாங்குகிறவன் அதைப் பிரித்ததாகச் சரித்திரமே இல்லை.

அதற்குப் பிறகு அவரும் பேசினார். வீட்டு வட்டி குறையப்போகிறது, இதுதான் வாங்குகிற நேரம் என்று முடித்தார். அப்போதே பின்கதவால் அடுத்த விழாக்காரர் பலூன்களைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். கடைசியாக எங்களை மேடைக்கு விட்டார்கள். நான் கிற்றாரை மாட்டி அம்ப்பைப் போட்டேன். அது சூடேறி 'ம்ம்ம்' என்று இரைந்தது. முன்வரிசையில் நாலைந்து பேர் காதைப் பொத்தினார்கள். அம்மா பொத்தவில்லை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். நான் வாயைத் திறக்க, செயலாளர் மேடைக்கு ஓடி வந்தார்.

"பிள்ளை, ஹோல்காரன் நிக்கிறான். நேரம் போயிட்டுது. பெரிய ஆக்கள் இருக்கினம், உந்தச் சத்தமும் சரிவராது. நன்றியுரை இன்னும் கிடக்கு."

"ஒரே ஒரு பாட்டு, அங்கிள்."

"பாட்டு எப்பவும் கேக்கலாம்தானே. நன்றியுரை இல்லாமல் எப்பிடி முடிக்கிறது?"

எனக்கு அந்தக் கிற்றாரை அவருடைய தலையில் போடலாம் போல இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா, விடு மகள் என்று கையைக் காட்டினார். அதனால் விட்டேன். நன்றியுரை நடந்தது, மிக நீளமாக நடந்தது. ரோல்ஸ் கொடுத்தவருக்கும், தாம்பாளம் கொண்டுவந்தவருக்கும், பனியிலும் வந்த சனத்துக்கும் நன்றி சொன்னார்கள். அன்றைக்குப் பனியே பெய்யவில்லை. என்னுடைய புளூஸில் அந்த ஹோலில் கேட்டது அம்ப்பின் அந்த இரைச்சல் மட்டும்தான்.

சில நாள் கழித்து அம்மாவிடம் கேட்டேன்: "தட்டுக் கேட்டீங்களா?"

"நல்லா இரிக்கு மகள்."

அவ்வளவுதான் சொன்னார். பாட்டில் தன் வார்த்தையைக் கேட்டு வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். மேலே தோண்டவில்லை.

அடுத்த வருடம் மார்க்கத்தில் ஒரு கல்யாணத்தில் அந்த வீட்டு முகவரைச் சந்தித்தேன். கையில் கோப்பையோடு வந்தார்.

"தங்கச்சி, உம்மட சீடியைத்தான் காரில போட்டபடி திரியிறன். ஸ்ரௌவ்வில் போய்ச் சேருமட்டும் அதுதான்."

"உண்மையாவோ அண்ணை? எந்தப் பாட்டுப் பிடிச்சது?"

"எல்லாம். கடைசிப் பாட்டு இன்னும் திறம்."

"அந்த வெண்டிக்காய்ப் பாட்டோ?"

"ஓம் ஓம், அதுதான். என்ன ஒரு கருத்து!"

என்னோடு வந்திருந்த பேஸ்காரர் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது. அந்த மனுசனின் புதுக் காரில் சீடி போட ஓட்டையே இல்லை என்று பிறகு அவர் பார்த்து வந்து சொன்னார். சொல்ல வேண்டுமா? இந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை. அலுவலகத்தில் சொன்னேன், மதுக்கடை மேடையில் பாட்டுக்கு முன்னால் சொன்னேன், பிறந்தநாள் வீடுகளில் ஆட்கள் கேட்டுக் கேட்டுச் சொல்வித்தார்கள். அம்மாவின் மேசையில் இருந்தும் பலமுறை சொன்னேன். முகவரின் குரலில், கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்காட்டி, 'என்ன ஒரு கருத்து' என்று நடிப்பேன். "நாடாவைக்கூட அவிழ்க்கேல்லயம்மா! தங்கத் தாளோட எங்கயாவது வைச்சுக் கும்பிடுதுகள் போல!" அம்மா சிரிப்பார். பிறகு எழுந்து சட்டி கழுவப் போய்விடுவார்.

சென்ற இலையுதிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவின் வீட்டுக்குப் போனேன். முதியோர் கட்டடத்தில் ஓர் அறையும் குசினியும். சாமித்தட்டில் இருந்த சின்ன மின்விளக்கு எரியவில்லை, மாற்றிவிடச் சொன்னார். வயரைப் பிடித்து இழுக்கப் பிள்ளையார் படம் சரிந்தது. பின்னால் தங்கத் தாள் மினுங்கியது. சிவப்பு நாடா. என்னுடைய முடிச்சு அப்படியே இருந்தது. மேலே திருநீறும் குங்குமமும் வைத்து, குங்குமம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அம்மா வாசலில் நின்றார்.

"என்னம்மா இது? பிரிக்கவே இல்லையா?"

"எங்க போட்டுக் கேட்கச் சொல்லுற? எனக்கிட்ட மெசின் இரிக்கா?"

"என்னட்டக் கேட்டிருக்கலாம்தானே!"

அம்மா படத்தை நிமிர்த்தி வைத்தார். சேலைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்தார்.

"கேட்கத்தான் நினைச்சன். நீ அந்த மனுசனைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாயே. பிரிக்கல்ல, பிரிக்கல்லயெண்டு. பிறகு நான் எப்படிகா கேட்கிற? என்னையும் ஒரு கதையாக்கிடுவாய்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கீழே போய்க் காரிலிருந்து கிற்றாரையும் சின்ன அம்ப்பையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா, பக்கத்து அறைக்காரி சண்டைக்கு வருவாள் என்றார். வரட்டும் என்றேன். விளக்கின் வயர் இருந்த சுவர்த் துளையில் அம்ப்பைச் செருகினேன். அது இரைந்தது. அம்மா கட்டிலில் நிமிர்ந்து இருந்தார், அன்றைக்கு ஹோலில் இருந்ததுபோல.

"என்ட கை ஓடுதுதானே. ஏன் என்னை நிப்பாட்டுற?"

அம்மாவின் முகம் மாறியது. இரண்டாம் முறை பாடும்போது, மடியில் இருந்த கைகளைப் பார்த்தார். பிறகு நான் மூன்றாவது வரிக்குப் போனேன், பூஞ்சணம் பிடிச்சுப் போகட்டுமடா என்று முழுத் தொண்டையில் பாடி, கிற்றாரை இழுத்து அழவிட்டு முடித்தேன். பக்கத்து அறைக்காரி சுவரில் தட்டினாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை.

"நல்லா இரிக்கு," என்றார். "ஆனா நான் அப்படிச் சொல்லல்ல மகள்."

"தெரியும். அந்த வரி நான் போட்டது. அவனுக்கு ஒரு பதில் வேணும்தானே."

"நான் மூணாந்தரமும் அதையேதான் கேட்டன்."

"இங்கிலீசு அவ்வளவு உங்களுக்கு..."

"இங்கிலீசில ஏன் கேட்கிற? தமிழிலதான் கேட்டன். அவன் நம்மட ஆள்தானே. நல்லா விளங்கின அவனுக்கு. மூணு தரமும் கேட்டன். வாய் திறக்கல்ல. அங்கால பார்த்திட்டு நிண்டான்."

நான் கிற்றாரின் கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"பிறகு?"

"பிறகென்ன? தலையில இருந்த வேலைத் தொப்பியைக் கழட்டி அவனுக்கு முன்னால இருந்த மேசையில வெச்சன். கையைக் கழுவிட்டு பஸ்ஸுக்கு வந்தன்."

சிவப்பு நாடாப் பொதி கட்டிலில் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அம்மா அதை எடுத்து, முடிச்சை நகத்தால் மெல்ல நெகிழ்த்தத் தொடங்கினார். நான் அந்தப் பாட்டை முதலிலிருந்து திரும்பவும் எடுத்தேன்.